ஏழு ஏடுகள் எழுதிய பாட்டி

1691ஆம் ஆண்டில், ஜெர்மானிய மண்ணின் ஹாம்பர்க் நகரில், கணவரை இழந்த யூதப் பெண்மணி ஒருவர் எழுதத் தொடங்கினார். புகழுக்காக எழுதவில்லை, அறம் உரைக்கவும் எழுதவில்லை. உறக்கம் வாராத இரவுகளில் நெஞ்சை அழுத்திய துயரை ஆற்றிக்கொள்ளவும், தம் மக்கள் எந்தக் குடியில் பிறந்தோம் என்பதை அறிந்துகொள்ளவுமே எழுதினார். ஹாமெலின் கிளிக்கல் என வரலாறு அவரைக் குறிக்கிறது.

அவர் எழுதிய மொழி இத்திஷ். எபிரேயம் ஆடவரின் கல்வி மொழியாகவும் வழிபாட்டு மொழியாகவும் இருந்த காலத்தில், அடுப்படியிலும் அங்காடியிலும் வழங்கிய வீட்டுமொழி அது. அம்மொழியில் ஒரு பெண் தன் வாழ்வைத் தானே எழுதிய பழைய நூல்களுள் கிளிக்கலின் ஏழு ஏடுகளே தலையாயவை.

12 வயதில் மணம் பேசப்பெற்று, 14 வயதில் ஹயிம் என்பாரை மணந்தார். பதினான்கு மக்களை ஈன்றார். அவர்களுள் பன்னிருவர் வளர்ந்து மணவாழ்வு கண்டனர். முத்தும் பொன்னும் வாணிகம் செய்த கணவருக்கு மனைவியாக மட்டுமன்றி, கலந்துரையாடும் துணையாகவும் விளங்கினார். 1689இல் ஹயிம் கீழே விழுந்து காயமுற்று இறக்கும் தறுவாயில், செய்ய வேண்டியவை குறித்துக் கேட்டவர்களிடம், யாவும் தம் மனைவி அறிவார் என்று சொல்லிக் கண்மூடினார். அதன்பின் கிளிக்கல் கடன்களைத் தீர்த்தார். லைப்சிக், பிரவுன்ஷ்வைக் சந்தைகளுக்குச் சென்றார். காலுறை நெய்யும் தொழிற்கூடம் ஒன்றையும் நடத்தினார்.

அவர் நூலின் முதல் ஏட்டில் ஒரு பறவைக் கதை உண்டு. கொந்தளிக்கும் கடலுக்கு மேலே தந்தைப் பறவை தன் குஞ்சுகளை ஒவ்வொன்றாகச் சுமந்து பறக்கிறது. 'முதுமையில் நீ என்னை இவ்வாறு காப்பாயா?' என்று கேட்கிறது. 'காப்பேன்' என்ற முதல் இரு குஞ்சுகளையும் பொய்யர் என்று கடலில் எறிந்துவிடுகிறது. 'உமக்கு வாக்களிக்க என்னால் இயலாது. நீர் எனக்குச் செய்வதை நான் என் பிள்ளைகளுக்குச் செய்வேன்' என்ற மூன்றாம் குஞ்சையே கரை சேர்க்கிறது.

கேட்கக் கசப்பான கதை இது. பன்னிரு பிள்ளைகள் உயிருடன் இருக்க, ஒரு தாய் அவர்களுக்கென எழுதும் நூலின் வாயிலில் ஏன் இதனை நிறுத்தினார்? பெற்றோர் பிள்ளைகளிடம் கைம்மாறு எதிர்பார்த்தல் ஆகாது என்பது அவர் கொண்ட உறுதி. ஆயினும் அதே நூலில் தம் பாட்டி மாத்தேயைப் பற்றியும் எழுதுகிறார். கொள்ளைநோயில் கணவரைப் பறிகொடுத்த மாத்தேயையும் தம்மையும், பொன்னிழை வெள்ளியிழைப் பின்னல் வேலை செய்து காத்தவர் கிளிக்கலின் தாய். பின்னாளில் கிளிக்கலின் தந்தை அம்மாமியாரைத் தம் இல்லத்தில் பெற்ற தாயைப்போல் போற்றி வைத்திருந்தார். பறவைக் கதை மறுப்பதை அவர் பிறந்த வீடே செய்துகாட்டியிருந்தது.

இவ்விரண்டுக்கும் இடையிலேதான் கிளிக்கலின் முதுமை கழிந்தது. பிள்ளைகளுக்குச் சுமையாகிவிடலாகாது என்ற அச்சத்தால் 1700இல் மெட்ஸ் நகரத்துச் செல்வர் ஒருவரை மறுமணம் செய்துகொண்டார். இரண்டே ஆண்டுகளில் அவர் நொடித்துப் போக, கிளிக்கலின் பொருளும் உடன் அழிந்தது. 1712இல் மீண்டும் கைம்பெண் ஆனார். பல படிகள் ஏறவேண்டிய சிறு அறையில், நோயோடும் குளிரோடும் தனித்து வாழ்ந்தார். மகள் எஸ்தரும் மருமகனும் பலகால் அழைத்தும் மறுத்தார். 1715இல்தான் இசைந்தார்.

அவ்வீட்டில் தமக்குக் கிடைத்த பேணுதலை இறுதி ஏட்டில் வியப்போடு குறிக்கிறார். தொழுகைக் கூடத்திலிருந்து உணவு வேளை கடந்து திரும்பினாலும், நல்ல பண்டங்கள் மூன்று நான்கு தமக்கென எடுத்துவைக்கப்பட்டிருக்குமாம். அரசகுமாரர் வந்திருந்த மகள் திருமணத்தை விரித்தெழுதிய அதே கை, மூடிவைத்த சோற்றையும் மறவாமல் எழுதியது. கைம்மாறு கேளாதிருந்தவருக்கு அது கேளாமலே வந்தது.

1724இல், ஏறத்தாழ 78 ஆண்டுகள் வாழ்ந்து, மெட்ஸ் நகரில் மறைந்தார். அவர் கைப்பட எழுதிய ஏடுகள் இன்று இல்லை. மகன் மோசே பெயர்த்தெழுதிய படி குடும்பத்தில் தங்கியது. 1896இல் டேவிட் காஃப்மன் நூலை அச்சேற்றினார். அக்குடும்ப உறவில் வந்தவரும், யூதப் பெண்கள் இயக்கத்தின் முன்னோடியுமான பெர்தா பப்பன்ஹைம் 1910இல் அதனை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். கிளிக்கலைப்போல் உடையணிந்து தம்மை ஓவியமாகத் தீட்டச் செய்தார். கிளிக்கலுக்கு உருவப்படம் எதுவும் இல்லாத நிலையில், அவ்வோவியமே பலருக்கு அவர் முகமாயிற்று.

மூன்றாம் குஞ்சு சொன்ன சொல் பொய்க்கவில்லை. தலைமுறைகள் தம் பிள்ளைகளைச் சுமந்து பறந்தன. அச்சுமையோடு பாட்டியின் ஏடுகளும் கரை சேர்ந்தன.