காவிரி தந்த மின்சாரம்

சுவிட்சைத் தட்டியதும் விளக்கு எரிகிறது. அவ்வாற்றல் எங்கிருந்து வருகிறது? தென்னாட்டில் இவ்வினாவுக்கு விடை தேடுவோர் முதலில் சிவசமுத்திரத்துக்குச் செல்லுதல் வேண்டும். மைசூர் நாட்டில் காவிரி பாறைகளினின்று பேரொலியோடு வீழும் இடம் அது. நெடுங்காலம் கண்டு வியப்பதற்கே பயன்பட்ட அந்நீரைக் குழாய்களில் இறக்கி, சக்கரங்களைச் சுழற்றி, மின்சாரம் ஆக்க முனைந்தார் திவான் சேஷாத்திரி ஐயர். 1902-இல் நிலையம் இயங்கியபோது அதைக் காண அவர் இல்லை. முந்திய ஆண்டே மறைந்துவிட்டார்.

அம்மின்சாரம் முதலில் எவர் வீட்டுக்கும் செல்லவில்லை. ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி வழியே கோலார் தங்கச் சுரங்கங்களுக்குச் சென்றது. அங்கே பாறை குடைந்தோருள் வட ஆர்க்காட்டிலிருந்து சென்ற தமிழர் பலர். பொன்னோ ஆங்கிலக் கம்பெனிகளுக்கு! பெங்களூர் நகரில் மின்விளக்கு எரிந்தது 1905-இல்தான்.

ஆனால் ஆறு ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படுமா? கோடையில் நீர் குறைந்தது, மின்சாரமும் குறைந்தது. 1911-இல் கண்ணம்பாடியில் அணை எழுப்பத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். அணை நீரைத் தேக்குமேயன்றி உண்டாக்காது. கடல்நீரை ஆவியாக்கிக் குடகு மலைமேல் மழையாகப் பொழியச் செய்பவன் கதிரவனே. சக்கரம் சுழற்றியதால் அந்நீர் செலவழிந்துவிடுவதும் இல்லை. கீழிறங்கிய காவிரி 1937-இல் மேட்டூரிலும் மின்சாரம் தந்தது. கோலார்ச் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன.