நாய்க்கடி ஊசியும் நரம்பின் உறையும்

வெறிநாய் கடித்தால் வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்பது சென்ற தலைமுறைத் தமிழர் நன்கறிந்த செய்தி. அவ்வூசி எண்ணற்ற உயிர்களைக் காத்தது. அதே வேளையில் சிலருடைய கைகால்களை முடக்கியும் விட்டது. அம்முடக்கத்தின் காரணத்தைத் தேடிய முயற்சியே நரம்பு நோய்களைப் பற்றிய பேருண்மை ஒன்றை உலகுக்கு உணர்த்திற்று. இது பலரும் அறியாத வரலாறு.

உறையின் இயல்பு

மின்சாரக் கம்பிக்கு ரப்பர் உறை அமைந்திருப்பது போல, நம் நரம்பிழைகள் பலவற்றின் மீது கொழுப்பு மிகுந்த உறை ஒன்று அமைந்துள்ளது. 1854-ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ இதற்கு மயலின் எனப் பெயரிட்டார். மூளையும் முதுகுத்தண்டும் அடங்கிய நடுநரம்பு மண்டலத்திலும், அங்கிருந்து உடலெங்கும் பிரிந்து செல்லும் புறநரம்புகளிலும் இவ்வுறை உண்டு. எனினும், இவ்விரு இடங்களிலும் உறையை உண்டாக்கும் உயிரணுக்கள் வெவ்வேறானவை.

உறை சிதைந்தால் நரம்பின் வழிச் செல்லும் செய்தி தடைப்படும். உறைசிதைவு நோய்கள் பெரும்பாலும் இரு மண்டலங்களுள் ஒன்றையே தாக்கும். 1868-இல் பாரிசு மருத்துவர் சார்க்கோ விளக்கிய நோய் நடுமண்டலத்தைச் சேர்ந்தது. 1916-இல் கீயென், பாரே, ஸ்ட்ரோல் ஆகிய மூவர் விளக்கியது புறநரம்புகளைச் சேர்ந்தது. இரண்டையும் ஒருங்கே தாக்கும் நோயும் உண்டோ? இதற்கு விடை கூறியது நாய்க்கடி ஊசியே.

பாஸ்டரும் செம்பிளும்

1885 சூலை 6-ஆம் நாள், யோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டரின் மருந்து செலுத்தப்பட்டது. வெறிநோயால் இறந்த முயலின் முதுகுத்தண்டை உலர்த்திச் செய்த மருந்து அது. சிறுவன் பிழைத்தான், உலகம் வியந்தது. 1911-இல், இந்தியாவின் கசௌலியில் பணியாற்றிய டேவிட் செம்பிள், நோய்க்கிருமி கலந்த மூளையைக் கார்பாலிக் அமிலத்தால் பக்குவம் செய்து எளிய முறையொன்றை வகுத்தார். நீலகிரியில் 1907-இல் தோன்றிய குன்னூர் பாஸ்டர் நிலையம் உட்படப் பல இடங்களிலும் ஆட்டின் மூளையிலிருந்து இம்மருந்து செய்யப்பட்டது.

ஆனால், ஊசி பெற்றோருள் சிலருக்கு ஓரிரு வாரங்களில் கால்கள் தளர்ந்தன, சிறுநீர் தடைப்பட்டது. வேறு சிலருக்கு முகம் கோணிற்று, கைகால்கள் உணர்விழந்தன. முன்னது நடுமண்டலக் கேடு. பின்னது புறநரம்புக் கேடு. இரண்டும் சேர்ந்து வந்தவர்களும் உண்டு. வெறிநோய் வந்துவிட்டாலோ மரணம் ஏறக்குறைய உறுதி. ஆகவே, தீங்கு விளையக்கூடும் என்று அறிந்தும், அவ்வூசியையே போடவேண்டிய இக்கட்டில் மருத்துவர்கள் நின்றனர்.

குற்றவாளி யார்?

மருந்திலிருந்த நோய்க்கிருமியே இதற்குக் காரணம் என்று முதலில் பலர் கருதினர். அங்ஙனமாயின், கிருமி கொல்லப்பட்ட மருந்தாலும் முடக்கம் நேர்வது எங்ஙனம்? 1933-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிலையத்தில் தாமசு ரிவர்சும் அவருடைய துணைவர்களும், நோயற்ற முயலின் மூளைச் சாரத்தைக் குரங்குகளுக்குப் பன்முறை ஊசி வழிச் செலுத்தினர். கிருமியே இல்லாதிருந்தும் சில குரங்குகள் தளர்ந்தன; அவற்றின் மூளையில் மயலின் உறை சிதைந்திருந்தது. 1955-இல் வாக்சுமன், ஆடம்சு ஆகிய இருவர், புறநரம்பின் சாரத்தைச் செலுத்தி முயல்களின் புறநரம்புகளில் அதே சிதைவை உண்டாக்கிக் காட்டினர்.

உண்மை புலனாயிற்று. அயல் உயிரின் நரம்புப் பொருளை எதிர்க்கப் புறப்பட்ட உடலின் காவற்படை, அதனை ஒத்த தன் நரம்பையே பகையென மயங்கித் தாக்கியது. 1987-இல் தாய்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள், செம்பிள் ஊசியால் கேடுற்றோரை ஆராய்ந்து, மயலின் உறையிலுள்ள ஒரு புரதத்துக்கு எதிரான பொருள்களைக் கண்டனர். அப்புரதம் இருவகை உறைகளிலும் இருப்பது. இரு மண்டலங்களும் தாக்குண்ட புதிருக்கு அது ஒரு திறவுகோல் ஆயிற்று.

பெற்ற பாடம்

காரணம் தெரிந்ததும் மாற்று வழிகள் பிறந்தன. 1955-இல் சிலி நாட்டின் ஃபுவென்சாலிடாவும் பலாசியோசும், மயலின் மிகக் குறைந்த பச்சிளம் எலிக்குஞ்சின் மூளையைப் பயன்படுத்தினர். கேடு குறைந்தது, ஆனால் ஒழியவில்லை. பின்னர், மூளையே வேண்டாது, வளர்ப்பு உயிரணுக்களில் கிருமியைப் பெருக்கிச் செய்யும் ஊசி வந்தது. இந்தியா 2004-இன் இறுதியில் பழைய ஊசியைக் கைவிட்டது.

எனினும் அவ்வூசி கற்பித்த பாடம் நிலைத்துள்ளது. எந்த ஊசியும் போடாமலே இரு மண்டலங்களிலும் உறைசிதைவு காணும் நோயாளர் சிலர் உளர். அவர்களுள் சிலரின் குருதியில், இருவகை உறைகளுக்கும் பொதுவான நியூரோஃபாசின் என்னும் புரதத்தை எதிர்க்கும் பொருள்கள் இருப்பதை 2013-இல் சப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். காவலே பகையாகும் அதே நிகழ்ச்சிதான் இங்கும் காணப்படுகிறது.

உயிர் காத்த மருந்தின் புகழில் அதன் குறையை மறைத்திருந்தால் இவ்வறிவு கிட்டியிராது. குறையைக் கண்டு அஞ்சி மருந்தையே எறிந்திருந்தால் எண்ணற்றோர் மாண்டிருப்பர். மருந்தையும் கைவிடாது, குறையையும் மறைக்காது ஆராய்ந்தவர்களே இரண்டு நன்மைகளையும் உலகுக்கு அளித்தனர். அறிவியலின் அறம் இதுவே.