போருக்குச் செல்வோன் பையில் ஒரு வில்லுக்கத்தி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வேர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த அலெக்சாந்திரியா நகரிலே மேசன் சங்கமொன்று உண்டு. ஜோர்ஜ் வாஷிங்டன் தலைமை வகித்த அச்சங்கத்தார் பேணிவரும் பொருள்களுள் சிறியதொரு மடக்குக்கத்தியும் ஒன்று. அதனைப் பற்றி ஒரு கதை வழங்குகின்றது. பதினான்கு வயதுச் சிறுவனாக இருந்த வாஷிங்டன் 1746ஆம் ஆண்டிலே ஆங்கிலேயக் கடற்படையிற் சேர விரும்பினான். தமையன் லோறன்ஸ் அதற்கு வேண்டிய ஒழுங்குகளைச் செய்தார். தாய் மேரி முதலில் தயங்கினாள். பின்னர் இலண்டனிலிருந்து அவளுடைய சகோதரர் எழுதிய கடிதமும் வேண்டாமென்றே அறிவுறுத்த, மகனைப் போகவிடாது தடுத்துவிட்டாள். அவள் சொற்கேட்டு வீட்டில் நின்ற மகனுக்குப் பரிசாகக் கிடைத்ததே இக்கத்தி என்பர். மேலோர் சொல்லுக்கு எப்போதும் கீழ்ப்படிக என்னும் அறிவுரையுடன் அவள் அதைக் கொடுத்தாளாம். பல்லாண்டுகளின் பின், 1777–78ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில், வலி போர்ஜ் பாசறையில் உணவும் உடையுமின்றிப் படைகள் வாடியபோது, பதவியைத் துறக்க எண்ணிய தளபதிக்கு அந்தக் கத்தியையும் அதனோடு வந்த சொல்லையும் நண்பர் நொக்ஸ் நினைவூட்டினார் என்று கதை முடிகின்றது.

இதை வரலாறு என்பதினும் செவிவழிக் கதை என்பதே பொருத்தம். ஆயினும் அக்கதையில் ஒரு விந்தை உண்டு. போருக்குப் போகும் மகனுக்குத் தாய் கத்தி கொடுத்த கதையன்று அது. போகாது நின்ற மகனுக்குக் கொடுத்த கதை. போகின்ற மகனுக்குக் கொடுத்த தாய்மார் எண்ணிறந்தோர். அவர்கள் கடைவீதியில் எதைப் பார்த்து, எதை விலக்கி, எதை வாங்கினர் என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை. கத்திகளே அதற்குச் சான்றாக எஞ்சியுள்ளன.

மடக்குக்கத்தி மிகப் பழைய பொருள். உரோமப் பேரரசின் காலத்து மடக்குக்கத்திகள் ஐரோப்பிய நூதனசாலைகள் பலவற்றில் உள்ளன. கேம்பிரிட்ஜில் உள்ள பிற்ஸ்வில்லியம் நூதனசாலையிலே கத்தியும் கரண்டியும் முள்ளும் ஒரே பிடியில் மடங்கும் வெள்ளிக் கருவி ஒன்று இருக்கின்றது. அதைச் சுமந்து திரிந்தவன் வசதிமிக்க பயணியாகவே இருத்தல் வேண்டும். ஏழைப் போர்வீரனுக்கு வெள்ளி ஏது? கத்தி ஏழைக்கும் எட்டும் பொருளானது, இங்கிலாந்தில் ஷெபீல்ட், ஜேர்மனியில் சோலிங்கன் போன்ற நகரங்களில் கொல்லுத்தொழில் பெருகிய பின்னரே ஆகும். பிடியினுள் வளைந்து கிடக்கும் உருக்கு வில் அலகைத் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் அழுத்தி நிறுத்தும். தமிழில் வில்லுக்கத்தி என்னும் பெயர் இதனாலேயே பொருந்துகின்றது.

கத்தியை அன்பளிப்பாகக் கொடுப்பதில் ஐரோப்பிய மக்களிடையே ஓர் அச்சம் நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. கூரிய பொருள் நட்பை அறுக்கும் என்பது அவர் நம்பிக்கை. அதனால் கத்தியைப் பெறுவோன் ஒரு செப்புக்காசைக் கொடுத்தவன் கையில் வைப்பான். அப்போது அது அன்பளிப்பாகாது, விலைக்கு வாங்கிய பொருளாகிவிடும், உறவும் அறாது. இங்கிலாந்திலும் பிரான்சிலும் ஜேர்மனியிலும் இவ்வழக்கம் உண்டு. சிலர் காசைத் தாமே கத்தியோடு சேர்த்துக் கொடுத்து, பெறுவோனிடமிருந்து அதைத் திரும்ப வாங்கிக்கொள்வர். புகையிரத நிலையத்தில் வண்டி புறப்படும் வேளையில் ஒரு செப்புக்காசு மகன் கையிலிருந்து தாய் கைக்கு மாறுவதைப் பிறர் விளையாட்டென எண்ணலாம். மகன் திரும்பி வருவானோ என்று அறியாதவளுக்கு அது விளையாட்டன்று. பின்லாந்து மக்களோ இதற்கு மாறானவர். பூக்கோ எனப்படும் தம் நாட்டுக் கத்தியைக் கொடுப்பதை அவர்கள் நம்பிக்கைக்கும் மதிப்புக்கும் அடையாளமாகவே கொள்வர். ஆனால் அது மடங்காக் கத்தி. உறையில் இட்டு இடுப்பில் தொங்கவிடுவது.

வீட்டார் கொடுக்குமுன் அரசு என்ன கொடுத்தது என்பதையும் அறிதல் வேண்டும். ஆங்கிலேயப் படையினருக்கு அரசே மடக்குக்கத்தி வழங்கியது. முதலாம் உலகப் போரிற் பெரிதும் புழங்கியது 1905ஆம் ஆண்டு மாதிரியாகும். அகன்ற அலகொன்று, தகரப்பேணி திறக்கும் அலகொன்று, கயிற்று முடிச்சை நெகிழ்த்தும் இரும்பு முள்ளொன்று ஆகிய மூன்றும் அதில் இருந்தன. கயிற்றிற் கோத்துத் தொங்கவிட வளையமும் இருந்தது. அலகின் முனை கூராக இராது. வெட்டும் விளிம்பு நேராகவும், முதுகுப்புறம் முனையை நோக்கி வளைந்து இறங்குவதாகவும் அமைந்திருக்கும். குத்துவதற்கு அது உதவாது. போர்வீரனுக்குக் கொடுத்த கத்தியாயினும் போர் செய்வதற்குக் கொடுத்ததன்று. அதற்குத் துவக்கு முனையிற் செருகும் ஈட்டி தனியே இருந்தது. கத்தியின் வேலையோ பாண் வெட்டுதல், கயிறு அறுத்தல், பேணி திறத்தல் ஆகியவையே.

பேணி திறத்தல் அற்பமான செய்தியன்று. தகரப்பேணியில் உணவடைக்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலேயப் படைகளை எட்டிவிட்டது. பேணியைத் திறக்கும் கருவியோ பல பத்தாண்டுகள் பிந்தியே வந்தது. இடைக்காலத்தில் உளியும் சுத்தியலுமே துணை. பசித்திருந்த போர்வீரர் தம் ஈட்டி முனையால் பேணியைக் குத்திக் கிழித்து உண்டனர். உணவைக் கொடுத்து அதைத் திறக்கும் வழியைக் கொடாத நிருவாகத்தின் பெருமையை என்னென்பது!

இந்தக் குறையை முறையாக நீக்க முனைந்த நாடு சுவிற்சர்லாந்து. அந்நாட்டுப் படைக்கு 1889ஆம் ஆண்டிலே புதிய துப்பாக்கி வந்தது. அதைக் கழற்றித் துப்புரவு செய்யத் திருப்புளி வேண்டும். பேணி உணவும் வழக்கத்திற்கு வந்துவிட்டது. இரண்டுக்கும் உதவுமாறு ஒரே கத்தி வேண்டுமெனப் படையார் தீர்மானித்தனர். ஓர் அலகு, ஒரு துளையூசி, பேணி திறக்கும் கருவி, திருப்புளி ஆகிய நான்கும், கரிய மரப்பிடியும் கொண்டு உருவானதே 1890ஆம் ஆண்டு மாதிரி. ஆனால் அத்தனை கத்திகளைச் செய்து கொடுக்கவல்ல பட்டறை சுவிற்சர்லாந்தில் அப்போது இல்லை. முதல் 15,000 கத்திகளும் ஜேர்மனியின் சோலிங்கன் நகரிலேயே செய்விக்கப்பட்டன.

சுவிசு மாநிலத்தைச் சேர்ந்த ஈபாக் என்னும் ஊரிலே 1884ஆம் ஆண்டு கத்திப் பட்டறை தொடங்கியிருந்த கார்ல் எல்சனர் என்பவருக்கு இது பொறுக்கவில்லை. தம் நாட்டுப் போர்வீரனின் கத்தியைத் தம் நாட்டுக் கொல்லரே செய்தல் வேண்டும் என்று கருதி, கத்தித் தொழிலாளர் சங்கமொன்றைத் திரட்டினார். 1891ஆம் ஆண்டிலேயே சுவிற்சர்லாந்திற் செய்த கத்திகள் படைக்குச் சென்றன. ஆயின் சோலிங்கனிலே இயந்திரத்தாற் செய்த கத்தி மலிவு. எல்சனரின் கத்தி விலை மிக்கது. கூட்டாளிகள் ஒவ்வொருவராக விலகினர். அவர் கடனில் மூழ்கினார். உறவினர் கைகொடுத்திராவிடின் அன்றே பட்டறை மூடப்பட்டிருக்கும்.

அவர் தளராது வேறொரு கத்தியைச் செய்தார். போர்வீரன் கத்தி பாரமானது. ஆகவே அதனினும் இலேசானதும், இரண்டாவதாக ஒரு சிற்றலகும் தக்கைத் திருகியும் உடையதுமான கத்தியொன்றை 1897ஆம் ஆண்டு யூன் 12ஆந் திகதி பதிவு செய்தார். பிடியின் இருபுறத்தும் கருவிகளை அமைத்து, ஒரே முதுகு வில்லால் அவற்றை இயங்கச் செய்தது அவருடைய திறமை. அதிகாரி கத்தி என்று அதற்குப் பெயர். திராட்சை மதுப் போத்தலைத் திறக்கும் கருவி போருக்கு இன்றியமையாததென்று படையார் கருதவில்லை போலும். அரசு அதனை வழங்கவில்லை. அதிகாரிகள் தம் பணத்தில் வாங்கினர்; அவர்களுக்கு அன்பளிப்புச் செய்ய விரும்பினோரும் கடையிலேயே வாங்கினர். உலகமெங்கும் சுவிற்சர்லாந்துப் படையின் கத்தி என்று போற்றப்படுவது அப்படையார் ஒருபோதும் வழங்காத இக்கத்தியே!

எல்சனரின் தாய் விக்டோரியா 1909ஆம் ஆண்டிற் காலமானார். மகன் தம் தொழிலுக்கு அவர் பெயரையே சூட்டினார். துருப்பிடியா உருக்கு 1921ஆம் ஆண்டளவிலே பயன்பாட்டுக்கு வந்தபோது, அதனைக் குறிக்கும் சொல்லும் அப்பெயரோடு இணைந்து விக்டோரினொக்ஸ் என்றாயிற்று. கத்தி கொடுத்த தாய்மார் பலர். ஒரு கத்திக்கே பெயராகி நின்ற தாய் இவரொருவரே எனலாம்.

போர்வீரருக்கு அன்பளிப்பு என்றவுடன் 1914ஆம் ஆண்டு நத்தார்ப் பண்டிகை பலர்க்கு நினைவுக்கு வரும். ஆங்கிலேய மன்னரின் மகளான மேரி இளவரசியின் பெயரால் அவ்வாண்டு ஒக்டோபரில் நிதி திரட்டப்பட்டது. பித்தளைப் பெட்டியொன்றில் புகையிலையும் சிகரெட்டும் வைத்து அனுப்பினர். புகை பிடியாதோருக்கு இனிப்பும் எழுதுகருவியும் கொடுத்தனர். சீக்கியருக்குக் கற்கண்டும் வாசனைத் திரவியங்களும் சென்றன. அந்நத்தார் தினத்துக்குள் நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்ட பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. ஆனால் பெட்டியில் வைப்பதற்கென வரவழைத்த பொருள்கள் போதாமற் போகவே, கிடைத்ததையெல்லாம் வாங்கி அனுப்ப நேர்ந்தது. புகையிலைப் பை, சவரத் தூரிகை, சீப்பு, கத்தரிக்கோல் ஆகியவற்றோடு கத்தியும் அவ்வாறு சென்றது. இலட்சக்கணக்கானோருக்குப் பொதுவாகத் தேரும்போது கத்தி கடைசியிலே நினைவுக்கு வந்தது. ஒருவனுக்கென்று ஒருத்தி தேரும்போது அதுவே முதலில் நினைவுக்கு வந்திருக்கக்கூடும். முன்னையோருக்கு அவன் கையளவு தெரியாது.

அக்காலத்துக் கடையில் நின்ற தாய் எதைப் பார்த்திருத்தல் வேண்டும்? உருக்கின் தரம் முதலாவது. ஷெபீல்டைச் சேர்ந்த ஹரி பிறியர்லி துருப்பிடியா உருக்கை 1913ஆம் ஆண்டிலேயே உருவாக்கிவிட்டார். ஆயினும் போர்க்காலத்தில் அது விமான இயந்திர உறுப்புகளுக்கே தேவைப்பட்டது, கத்திக்குக் கிட்டவில்லை. ஆகவே பதுங்குகுழியின் சேற்றிற் புரண்ட கத்திகள் பெரும்பாலும் துருப்பிடிப்பவையே. எண்ணெய் தடவிப் பேணாதவன் சில வாரங்களில் அலகைத் திறக்க நகத்தை உடைத்துக்கொள்வான். அலகுகளின் எண்ணிக்கையைக் கண்டு மயங்குதல் மற்றொரு தவறு. 1851ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த பெருங் கண்காட்சியிலே ஷெபீல்டின் ஜோசப் றொஜர்ஸ் நிறுவனத்தார் 75 அலகுகள் கொண்ட கத்தியொன்றை வைத்தனர். கைத்திறனை வியக்க அது போதும். சட்டைப் பைக்கு இரண்டு அலகும் ஒரு பேணி திறப்பானுமே போதும். கயிறு கோக்க வளையம் வேண்டும். இருட்டில் சேற்றில் விழுந்த கத்தியைத் தேடி எடுப்பவர் இல்லை.

திறந்த அலகு தானே மடங்கி விரலை நறுக்குவது இன்னொரு குறை. பிரான்சின் சவோய்ப் பகுதியிலே ஜோசப் ஒப்பினெல் என்னும் இளைஞர் 1890ஆம் ஆண்டிற் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தி, எளிமையாலும் மலிவாலும் பெயர் பெற்றது. அலகைப் பூட்டும் சுழல்வளையம் அதற்கு 1955ஆம் ஆண்டிலேதான் வந்து சேர்ந்தது. ஒரு கையாலே திறக்கும் தேவையும் போரிலே உணரப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் பரசூட் வீரருக்குப் பொத்தானை அழுத்தினால் அலகு பாயும் கத்தி வழங்கப்பட்டது. மரத்திலே சிக்கித் தொங்குபவன் மற்றக் கையால் கயிற்றைப் பற்றியிருக்க வேண்டுமல்லவா? அத்தகைய கத்தியின் வாணிபத்தை 1958ஆம் ஆண்டில் அமெரிக்கச் சட்டம் கட்டுப்படுத்தியபோதும் படையினருக்கும் ஒரு கை இழந்தோருக்கும் விலக்களித்தது. சுவிற்சர்லாந்துப் படையும் 2008ஆம் ஆண்டு மாதிரியிலே ஒரு கையால் திறந்து பூட்டும் அலகை ஏற்றுக்கொண்டது. இக்காலத்தில் வாங்குவோர் அலகின் நீளத்தையும் பூட்டையும் பற்றித் தம் நாட்டுச் சட்டம் கூறுவதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. பிரித்தானியாவிலே மூன்று அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டில்லாத மடக்குக்கத்தியே தக்க காரணம் காட்டாது வெளியிற் கொண்டு செல்லத்தக்கது.

அன்பளிப்பு எதிர்த்திசையிற் சென்றதும் உண்டு. 1945ஆம் ஆண்டின் பின் ஐரோப்பாவில் நின்ற அமெரிக்கப் போர்வீரர் தமது படைமுகாம்க் கடைகளிலே அதிகாரி கத்தியைப் பெருவாரியாக வாங்கினர். அதன் ஜேர்மன் பெயர் அவர் நாவுக்கு அடங்காமையால் சுவிஸ் ஆமிக் கத்தி என்றனர், அப்பெயரே நிலைத்துவிட்டது. வீட்டிலே காத்திருந்த தம்பிமாருக்கும் தந்தையருக்கும் அவற்றைக் கொண்டு சென்றனர்.

கொண்டு செல்லாதோரும் இருந்தனர். முதலாம் உலகப் போரில் மாண்ட அவுஸ்திரேலியப் போர்வீரரின் சொந்த உடைமைகளை இலண்டனிலிருந்த படைச் சாமான் நிலையத்தார் தனித்தனிப் பொதியாகக் கட்டி, பட்டியல் எழுதி, கப்பலேற்றி உறவினருக்கு அனுப்பினர். அரசின் சாமான்கள் அப்பொதியிற் சேர்வதில்லை. சொந்தப் பொருள்கள் மட்டுமே வந்தன. மெல்பேணிலிருந்த பதிவகத்தார் பேணிய அப்பட்டியல்கள் இன்றும் அந்நாட்டின் தேசிய சுவடிச்சாலையில் உள்ளன. கடிதங்கள், படங்கள், சுங்கான், பணப்பை என்று செல்லும் வரிசையில், கத்தி ஒன்று என்னும் சொற்களும் பல பட்டியல்களில் வருகின்றன. பொதி கிடைத்ததற்கு அடையாளமாகத் தாயோ தந்தையோ பற்றுச்சீட்டில் ஒப்பமிட்டு மெல்பேணுக்குத் திருப்பியனுப்புதல் வேண்டும்.