நூலும் பனிச்சையும்: கல்குடாக் கரையின் தூண்டில் இழை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வரலாறு என்றதும் கோட்டைகளும் கோயில்களும் சாசனங்களுமே நினைவுக்கு வருகின்றன. நிலைத்து நிற்கும் பொருள்களே சான்றாகக் கொள்ளப்படுவதால் ஏற்பட்ட நிலை இது. ஆனால் கடலையும் வாவியையும் நம்பி வாழ்ந்த மக்களின் முதன்மைக் கருவி, அழுகி மறையும் இயல்புடைய நூலாகும். நெய்தல் திணைப் பாடல்கள் வலையையும் தூண்டிலையும் பேசுகின்றன; எனினும் அந்த இழைகளுள் ஒன்றேனும் எம் கைக்கு எட்டவில்லை. எனவே இழையின் வரலாற்றை அதனைப் பேணிய முறைகளின் வழியாகவே அறிய வேண்டியுள்ளது.

கல்குடா இத்தகைய ஆய்வுக்கு ஏற்ற களமாகும். ஒருபுறம் பாசிக்குடாவின் ஆழமற்ற கடல், மறுபுறம் வாழைச்சேனையின் உப்பாறு, தெற்கே நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி என உவர்நீரும் கடல்நீரும் சூழ்ந்த பகுதி இது. நைலோன் வருவதற்கு முன்னர் இலங்கைக் கரையோரங்களில் பருத்தி நூல், சணல், மருள் நார், தென்னந்தும்பு ஆகியவையே வலைக்கும் தூண்டிலுக்கும் பயன்பட்டன. கரைவலையின் நீண்ட கயிறுகள் தும்பால் ஆனவை. நுண்மை வேண்டிய இடத்தில் பருத்தி நூல் நின்றது.

பருத்தி நூலுக்கு ஒரு சிறப்புண்டு. நனைந்தால் அதன் வலிமை கூடும். ஆயினும் அது தாவரப் பொருளாதலால் நுண்ணுயிர்கள் அதனைத் தின்று அழிக்கின்றன. வெப்பமான நீரில் இவ்வழிவு மேலும் விரைவானது. இதனைத் தடுப்பதற்கு மக்கள் கண்ட வழி துவர்ப்பேற்றலாகும். பனிச்சையின் முதிராத காயை இடித்துப் பெற்ற சாற்றிலோ, கண்டல் மரப்பட்டையை அவித்த நீரிலோ நூலை ஊறவைத்து உலர்த்தினர். அவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள் இழையிற் படிந்து நுண்ணுயிர்களின் தாக்கத்தைத் தாமதப்படுத்தியது. ஆனால் அது நீரில் மெல்ல மெல்லக் கரைந்து போவதால் ஒருமுறை ஊட்டியது போதாது. திரும்பத் திரும்ப ஊட்ட வேண்டும். நன்னீரில் அலசுவதும், மரக்கழிகளில் விரித்துக் காயவைப்பதும், அறுந்த இடத்தை முடிவதும் தொழிலின் பிரிக்க முடியாத பகுதிகளாயின. கடலிற் கழிந்த நேரத்தோடு கரையிற் கழிந்த நேரத்தையும் கூட்டியே மீனவனின் உழைப்பைக் கணக்கிட வேண்டும்.

மட்டக்களப்பு நகரை அண்டிய பனிச்சையடி, வாகரைக்குத் தெற்கேயுள்ள பனிச்சங்கேணி ஆகிய ஊர்ப்பெயர்கள் இம்மரத்தின் பெயரைத் தாங்கி நிற்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

இதே காலத்தில் இத்தீவின் மலைநாட்டில் வேறொரு தூண்டில் மரபு நிலவியது. பிரித்தானியர் 1880களில் ட்றவுட் மீனை நுவரெலியாப் பகுதி ஓடைகளில் அறிமுகம் செய்து, ஈயைப் போலச் செய்த தூண்டிலால் அதனைப் பிடித்து மகிழ்ந்தனர். அத்தூண்டிலுக்கு எடையில்லை, எனவே அதனைத் தொலைவுக்கு வீசுவதற்கு இழையே எடையுடையதாதல் வேண்டும். பின்னிய பட்டு இழை இதற்குப் பயன்பட்டது. ஆளிவிதை எண்ணெயில் தோய்த்து, பலமுறை காயவைத்து, தேய்த்து மெருகேற்றுவர். பட்டு நீரினும் கனமானது. ஆகவே மிதப்பதற்குக் கொழுப்புப் பூசுவர். நாள்முடிவில் சுருளிலிருந்து கழற்றி உலர்த்தாவிடின் இழை பிசுபிசுத்துக் கெடும்.

எண்ணெயூட்டிய பட்டும் துவர்ப்பேற்றிய பருத்தியும் எதிர்கொண்ட பிரச்சினை ஒன்றே: ஈரம். இரண்டுக்கும் கிடைத்த விடையும் ஒன்றே: இடையறாத பேணல். ஆனால் ஒன்று பொழுதுபோக்கு, மற்றது பிழைப்பு. ஓடைத் தூண்டிலின் பேணல் முறைகள் நூல்களாயின. கரையோரத் தூண்டிலின் பேணல் முறைகள் பெரும்பாலும் வாய்மொழியாகவே நின்றன. எழுத்தறிவும் ஓய்வும் யாரிடம் இருந்தனவோ அவர்களின் தொழில்நுட்பமே வரலாற்றில் இடம்பெறுகிறது என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் டூபொன்ட் ஆய்வுகூடத்தில் வாலஸ் கறோதர்ஸ் நைலோனை உருவாக்கினார். 1950களின் பிற்பகுதியில் இலங்கையில் மீன்பிடி இயந்திரமயமாகத் தொடங்கியதை ஒட்டி நைலோன் வலைகளும் பரவின. 1964இல் மீன்பிடிக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. நைலோன் அழுகுவதில்லை, துவர்ப்பூட்ட வேண்டியதுமில்லை. கரையோர மக்களை ஓயாத வேலையிலிருந்து அது விடுவித்தது என்பதை மறுக்கவியலாது. ஆனால் அருகிலுள்ள மரத்திலும் கைத்திறனிலும் தங்கியிருந்த இழைப் பேணல் மறைந்து, கடையிலும் கடனிலும் தங்கிய கொள்முதல் அவ்விடத்தைப் பிடித்தது. உற்பத்திக் கருவியின் மீது உற்பத்தியாளனுக்கிருந்த பிடி அந்த அளவுக்குத் தளர்ந்தது.

அழுகாமை என்ற நன்மையே பின்னர் தீமையுமாயிற்று. கடலில் தவறிய பருத்தி வலை காலப்போக்கில் மக்கிப்போகும். தவறிய நைலோன் வலையோ ஆளின்றியும் மீனைக் கொன்றுகொண்டிருக்கும். ஒற்றையிழைத் தங்கூசி வலைகள் 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளால் இலங்கையில் தடை செய்யப்பட்டன.

தங்கூசி என்னும் சொல்லும் சிந்திக்கத்தக்கது. பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியிலிருந்து இழுத்த தூண்டில் இழையை யப்பானியர் 'தெகுசு' என்றனர். இன்று நைலோன் இழைக்கும் அவர்கள் அப்பெயரையே வழங்குகின்றனர். இதற்கும் எமது கரையோரச் சொல்லுக்கும் உள்ள ஒலியொப்புமை சொல்லாய்வாளரின் கவனத்துக்குரியது. உறவு நிறுவப்படுமாயின், கீழைக் கடல்வழி வணிகத்தின் தடமொன்று எமது மீனவர் நாவில் இன்றும் வாழ்கிறது என்று கொள்ளலாம்.

1978ஆம் ஆண்டுச் சூறாவளியும், நீண்ட போரும், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும் இக்கரையில் உயிர்களோடு பழைய பொருள்களையும் வாரிச் சென்றன. எஞ்சியிருப்பவை முதியோரின் நினைவும் தொழிற்சொற்களும் ஊர்ப்பெயர்களுமே. துவர்ப்பேற்றல், முறுக்கல், முடிதல், உலர்த்தல் ஆகியவற்றுக்கு ஒவ்வோர் ஊரும் வழங்கிய சொற்களைத் திரட்டுவது பல்கலைக்கழக மாணவர் மேற்கொள்ளக்கூடிய பணியாகும். அரசர் பெயர்களுக்குக் கல்வெட்டுச் சாட்சி உண்டு. நூல் முறுக்கிய கைகளுக்கு அச்சொற்களே சாட்சி.