ஊசி வந்த வழியும் ஏடு வந்த வழியும்: கரிசலிலிருந்து ஒரு பார்வை

லண்டனில் 1852இல் சாமுவேல் பீட்டன் ‘இங்கிலீஷ்வுமன்ஸ் டொமஸ்டிக் மேகசின்’ என்ற மாத இதழை 2 பென்ஸ் விலையில் தொடங்கினார். விளம்பரத்துக்கு இருந்த வரி மறு ஆண்டே நீங்கியது. 1855இல் செய்தித்தாள் முத்திரை வரியும், 1861இல் காகித வரியும் போயின. அச்சு மலிந்தது. 1860இல் இதழ் புது உருவில் 6 பென்ஸுக்கு வந்தபோது, பாரிஸிலிருந்து வந்த வண்ண உடைப்படமும், கட்டம் கட்டமாக நிறம் காட்டிய பெர்லின் கம்பளித் தையல் படமும் அதில் இருந்தன. அவர் மனைவி இசபெல்லா பீட்டன் 1859 முதல் 1861 வரை மாதப் பகுதிகளாக வெளியிட்டு நூலாக்கிய இல்லப் பராமரிப்பு நூல், வேலைக்காரர் சம்பளம் முதல் நோயாளிக்கான கஞ்சி வரை பேசியது. 1865இல் அவர் இறந்தபோது வயது 28தான்.

ஊசியும் அடுப்பும் வீட்டுக் கணக்கும் அலங்காரமும் ஒரே ஏட்டுக்குள் அடங்கியதற்கு ஒரு வகை வீடுதான் காரணம். கணவர் வெளியே சென்று சம்பாதிக்கிறார். மனைவி ஓரிரு வேலைக்காரரை வைத்து வீட்டை நடத்துகிறார். மீந்த பொழுதில் பூத்தையல் போடுகிறார். இந்த வீட்டைக் கழித்துவிட்டால் விக்டோரியா காலத்துப் பெண்கள் இதழுக்கு ஆதாரமே இல்லை.

தமிழ்ப் பெண்கள் இதழ்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1865இல் சென்னையில் வெளிவந்த ‘அமிர்தவசனி’யில் தொடங்குகிறார்கள். பட்டியல் சரியானதே. ஆனால் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் அப்பால், வீரசோழன் போன்ற சந்தையூரில் நின்று பார்த்தால் அந்தப் பட்டியல் பாதிக் கதையைத்தான் சொல்கிறது. லண்டனில் ஒன்றாக வந்த ஊசியும் ஏடும் தமிழகத்துக்கு வெவ்வேறு வழியில் வந்தன. இரண்டும் சந்திக்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

ஊசியின் வழி தெற்கே தொடங்குகிறது. 1819இல் நாகர்கோவில் வந்த லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், அடுத்த சில ஆண்டுகளில் தம் பெண்கள் விடுதியில் ரேந்தை (லேஸ்) பின்னக் கற்றுக்கொடுத்தார். தலையணையில் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வேலை அது. ஐரோப்பியர் அதை வாங்கினார்கள். விற்ற பணம் பள்ளியை நடத்த உதவியது. பின்னிய பெண்களுக்கும் கூலியாகப் போனது. அடிமைக் குடியில் பிறந்த பெண்கள் சிலர் அந்தக் கூலியைக் கொண்டே தம்மை மீட்டுக்கொண்டனர். மார்த்தாவின் மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்ததும் அங்கும் ரேந்தைப் பள்ளி எழுந்தது. லண்டன் சீமாட்டிக்குப் பொழுதுபோக்காக இருந்த கைவேலை, இங்கே கஞ்சிக்கும் விடுதலைக்கும் உரியதாக இருந்தது. இந்த வேறுபாட்டை நம் ஆய்வுகள் போதிய அளவு அழுத்திச் சொல்லவில்லை என்பது என் மனக்குறை.

இன்னொன்றும் உண்டு. அதே நாகர்கோவில் பக்கத்தில் தைத்த மேலாடை அணிவதே போராட்டமாக இருந்தது. மிஷன் பெண்கள் தைத்துக் கொடுத்த குப்பாயம் என்ற மேற்சட்டையை அணிந்ததற்காக நாடார் பெண்கள் தெருவில் தாக்கப்பட்டார்கள். 1859 ஜூலையில்தான் திருவிதாங்கூர் மன்னரின் அறிவிப்பு அவர்களுக்கு மேலாடை அணியும் உரிமையைத் தந்தது. இசபெல்லா பீட்டனின் முதல் பகுதி லண்டனில் வெளிவந்ததும் அதே 1859இல்தான். இந்த இரண்டையும் ஒருங்கே வைத்துப் படிக்காமல் தையலின் வரலாற்றை எழுத முடியாது.

எங்கள் பக்கம் ஊசி மதுரை வழியாக வந்தது. 1834இல் மதுரையில் கால் ஊன்றிய அமெரிக்க மிஷன், அந்த நூற்றாண்டின் நடுவிலேயே திருச்சுழி வட்டாரத்து மண்டபசாலையில் ஒரு நிலையம் அமைத்தது. மதுரையில் பின்னாளில் கேப்ரன் ஹால் என்று பெயர் பெற்ற பெண்கள் பள்ளியும் அதே மிஷனுடையது. 1854ஆம் ஆண்டு வுட் கல்வி அறிக்கைக்குப் பிறகு சென்னை மாகாணத்தில் பள்ளிகளுக்கு உதவித்தொகை விதிகள் வந்தன. பெண்கள் பள்ளிகளில் தையல் ஒரு பாடமாக நிலைபெற்றது. எழுத்தைப் போலவே தையலும் பள்ளி ஆய்வாளர் முன் காட்ட வேண்டிய திறனாயிற்று. அதுவரை தைப்பது ஆண்களின் தொழில். பாணரும் முஸ்லிம் தையல்காரர்களும் செய்துவந்தது. பெண்ணின் கையில் ஊசி வந்தது பள்ளிக்கூடத்தால். அது வருவதற்கு அச்சிட்ட படம் எதுவும் தேவைப்படவில்லை. ஆசிரியை தைத்துக் காட்டிய துணித்துண்டே போதுமானதாயிருந்தது.

ஏட்டின் வழி சென்னை. 1883இல் ‘சுகுணபோதினி’, 1887இல் ‘மகாராணி’, 1891இல் ‘பெண்மதி போதினி’, 1899இல் ‘மாதர் மனோரஞ்சனி’ என்று இதழ்கள் வந்தன. அமெரிக்க மெதடிஸ்ட் பெண்கள் திரட்டிய நிதியில் உருதுவில் ‘ரபீக்-இ-நிஸ்வான்’ வந்தது போல, தமிழில் ‘மாதர் மித்திரி’ வந்தது. கோ. சுவப்பனேஸ்வரி அம்மாளின் ‘தமிழ் மாது’, பாரதி ஆசிரியராயிருந்த ‘சக்கரவர்த்தினி’ இரண்டும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம். இவற்றுள் பெரும்பாலானவற்றை நடத்தியவர்கள் ஆண்கள். பெண் படிக்கலாமா, எதைப் படிக்கலாம் என்ற வழக்கே இவற்றின் முதன்மைப் பொருள். சுகாதாரமும் பிள்ளை வளர்ப்பும் சிக்கனமும் அந்த வழக்குக்குச் சான்றுகளாக வந்தன. படித்த பெண்ணால் வீடு கெடாது, செழிக்கும் என்று நிறுவ வேண்டியிருந்தது. 1901 கணக்கெடுப்பில் சென்னை மாகாணப் பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட எழுத்தறிந்தவர் இல்லை. பீட்டனுக்கு வாசகி இருந்தாள். நம் பத்திராதிபர்கள் வாசகியை உண்டாக்க வேண்டியிருந்தது. வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925இல் ‘ஜகன்மோகினி’யை ஏற்று நடத்தியபோது அந்த வாசகி வந்துவிட்டாள், ஆனால் அவள் கேட்டது கதை.

இந்த இதழ்கள் மனத்தில் வைத்த வீடு உத்தியோக வீடு. மாதச் சம்பளம் வரும் வீடு. அருப்புக்கோட்டை வீடு அப்படியில்லை. அங்கே தறியே வீட்டுக்குள் இருந்தது. பெண்கள் தார் சுற்றினார்கள், பாவு வேலைக்குக் கூட நின்றார்கள். சோறு வடிப்பதும் தார் சுற்றுவதும் ஒரே கூரையின்கீழ் நடந்தன. வானம் பார்த்த கரிசலில் பருத்தி எடுக்கவும் மிளகாய் பறிக்கவும் போன பெண்ணுக்கு வீடு என்பது உழைப்புக்கு நடுவே வந்து போகும் இடம். அங்கே ‘மீந்த பொழுது’ ஏது? பாட்டிமார் பலர் ரவிக்கை இல்லாமலே வாழ்ந்து முடித்த நாட்டில் ரவிக்கை வெட்டும் அளவுப்படத்துக்கு யார் காசு கொடுப்பார்கள்?

ஆனால் படத்தைப் பார்த்துப் பெயர்த்துப் போடும் பழக்கம் தமிழ்ப் பெண்ணுக்குப் புதிதன்று. பெர்லின் தையல் படம் கட்டத்தில் நின்றது. புள்ளிக் கோலம் புள்ளி வரிசையில் நிற்கிறது. இரண்டிலும் எண்ணத் தெரிந்தால் போதும், ஓவியத் திறமை வேண்டாம். எத்தனை முறை போட்டாலும் அதே வடிவம் வரும். லண்டன் இதழில் கம்பளித் தையல் படம் வகித்த இடத்தைத் தமிழ் இதழ்களில் கோலப் பக்கம் பிடித்தது. மார்கழி இதழ்களின் கோலப் பக்கத்தைப் பெண்கள் வெட்டி எடுத்துக் கோல நோட்டில் ஒட்டிவைத்தார்கள். உழைத்துத் தேய்ந்த பக்கம்தான் தொகுப்புகளுக்கு வந்து சேராமல் போகிறது. விக்டோரியா கால இதழ்களில் மடித்து வைத்த படத்தாள்களுக்கும் இதே கதி. நூலகத்தில் எஞ்சிய தாளை மட்டும் நம்பினால், தலையங்கம் எழுதிய ஆண்களின் குரலே கேட்கும்.

கோலம் எல்லா வாசலுக்கும் உரியதும் அல்ல. முஸ்லிம் குடும்பங்கள் மிகுதியாக வாழும் வீரசோழனில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக வந்தது தையல் மெஷின். கல்கத்தா ஜே இன்ஜினியரிங் நிறுவனம் 1930களில் ‘உஷா’ மெஷினைச் செய்யத் தொடங்கியது. விடுதலைக்குப் பிறகு அது சிற்றூர்க் கடைவரை வந்தது. ரவிக்கை பரவிய காலமும் அதுதான். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தையல் ஒரு பிரிவு; அதில் தேறுவது பள்ளியில் தையல் ஆசிரியை ஆவதற்கான ஒரு தகுதி. 1980களில் ‘மங்கையர் மலர்’, 1998இல் ‘அவள் விகடன்’ என்று இதழ்கள் பெருகியபோது, சமையலும் கோலமும் கைவேலையும் சிறுதொழில் குறிப்பும் ஒரே ஏட்டில் சேர்ந்தன. ஊசியும் ஏடும் இங்கேதான் சந்தித்தன. இம்முறையும் பொழுதுபோக்குக்கு முன்னால் வருமானம் நின்றது: வீட்டிலிருந்தே தைத்து எவ்வளவு சம்பாதிக்கலாம் என்பதே வாசகியின் கேள்வி.

அரசுத் திட்டங்களும் ஊசியை வருமானத்தோடுதான் சேர்க்கின்றன. சத்தியவாணிமுத்து அம்மையார் பெயரிலான தமிழக அரசின் இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் விண்ணப்பிக்கும் பெண் தையல் தெரிந்ததற்கான சான்றைக் காட்ட வேண்டும். சத்துணவு உண்ணும் பள்ளிப் பிள்ளைகளுக்கான இலவசச் சீருடையைச் சமூகநலத் துறையின் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைக்கின்றன. வெட்டிய துணியை உறுப்பினர்கள் வீட்டுக்கு எடுத்துப் போய், தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பெறுகிறார்கள். நாகர்கோவில் விடுதியில் ரேந்தைக்குக் கொடுத்த கூலி முதல் இன்றைய சீருடைக் கூலி வரை ஒரு தொடர்ச்சி இருக்கிறது. அந்தத் தொடர்ச்சியின் கணக்கு இதழ்களில் இல்லை. சங்கங்களின் கூலிப் பதிவேடுகளில் இருக்கிறது. தமிழ்ப் பெண்களின் கைவேலை வரலாற்றை எழுத வருபவர் அந்தப் பதிவேடுகளைத்தான் முதலில் கேட்டு வாங்க வேண்டும்.