சுயநீதியும் தாழ்மையும் (கிறிஸ்தவ ஒழுக்கவியல்)

சுயநீதியாவது, ஒருவன் தான் செய்த நற்கிரியைகளையும் கைக்கொண்ட நியமங்களையும் ஆதாரமாகக் கொண்டு, தேவசந்நிதியில் தான் நீதிமானே என்று தனக்குத்தானே தீர்ப்புக் கூறிக்கொண்டு, அத்தீர்ப்பின் பலத்தால் பிறரை அற்பமாக எண்ணும் மனோபாவமாகும். தாழ்மை, கத்தோலிக்கர் வழக்கில் தாழ்ச்சி, இதற்கு நேர்மாறானது. தன் குறைவை உள்ளபடி அறிந்து, தன்னிடத்திலுள்ள நன்மை யாவும் கிருபையால் வந்ததென ஒப்புக்கொள்ளும் நிலை அது. களவு, கொலை முதலிய பாவங்கள் தீமையை இச்சிப்பதனால் பிறக்க, சுயநீதி மட்டும் ஜெபம், உபவாசம், தர்மம் ஆகிய நன்மைகளையே தாயாகக் கொண்டு பிறப்பதால், அது பாவிகளைவிடப் பக்தர்களையே மிகுதியாகப் பற்றுகிறது. ஆகவே இதைப்பற்றிய மிக நுட்பமான ஆராய்ச்சிகள் துறவிமடங்களிலிருந்தே பெரும்பாலும் நமக்குக் கிடைத்துள்ளன.

வேதாகம அடிப்படை: பழைய ஏற்பாட்டில் மோசேயின் சாந்தகுணமும், மீகா தீர்க்கதரிசியின் உபதேசமும் தாழ்மைக்குச் சான்றாகக் காட்டப்படுவன. புதிய ஏற்பாட்டிலோ லூக்கா சுவிசேஷத்தின் 18ஆம் அதிகாரத்திலுள்ள பரிசேயன், ஆயக்காரன் உவமையே இப்பொருளுக்கு மூலஸ்தானம் எனலாம். மோசேயின் நியாயப்பிரமாணம் ஆண்டுக்கு ஒருமுறை, பாவநிவாரண நாளில் மட்டுமே உபவாசத்தைக் கட்டளையிட்டிருக்க, உவமையில் வரும் பரிசேயன் வாரத்தில் இருமுறை உபவாசித்து, தன் வருமானம் முழுவதிலும் தசமபாகம் செலுத்தியவன். அவன் சொன்னவற்றுள் ஒன்றேனும் பொய்யென்று உவமை கூறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஆயக்காரனோ, அந்நியருடைய ஆட்சியில் வரி வசூலைக் குத்தகையாகப் பிடித்துச் சொந்த ஜனங்களைக் கசக்கிப் பிழியும் கூட்டத்தைச் சேர்ந்தவன். தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்டு இரக்கம் வேண்டியதன்றி வேறொரு புண்ணியமும் அவனிடத்தில் காட்டப்படவில்லை. அவ்வாறிருந்தும் அவனே நீதிமானாக்கப்பட்டு வீடு திரும்பினான் என்ற முடிவைக் கேட்டவர்கள் திடுக்கிட்டிருக்க வேண்டும்.

பரிசேயர் அனைவரையும் மாயக்காரர் என்று கொள்வது நியாயமன்று. ஏரோதின் காலத்தில் அவர்கள் 6000 பேருக்கு மேற்பட்டிருந்தனர் என்றும், தண்டனை விதிப்பதில் இளகிய மனமுடையவர்கள் என்றும் யூத சரித்திராசிரியரான ஜோசீபஸ் எழுதியுள்ளார். நிக்கொதேமுவும் கமாலியேலும் அவ்வகுப்பினரே. பவுல் அப்போஸ்தலரும் தாம் பரிசேயராயிருந்ததை மறைக்கவில்லை. மேலும், அவர்களைக் கண்டித்த சபையும் அந்நோய்க்கு விலக்கானதன்று. முதல் நூற்றாண்டின் இறுதியையோ அதனை அடுத்த காலத்தையோ சேர்ந்த 'திதக்கே' என்னும் போதனை நூல், மாயக்காரர் உபவாசிக்கும் திங்களையும் வியாழனையும் தவிர்த்து, கிறிஸ்தவர்கள் புதனும் வெள்ளியும் உபவாசிக்க வேண்டுமென்று விதிக்கிறது. பிறரோடு தன்னை ஒப்பிட்டு நோக்கும் கண் இத்தனை விரைவில் சபைக்குள்ளும் திறந்துவிட்டது.

சீஷர்களின் கால்களைக் கிறிஸ்து கழுவியதும், பிலிப்பியர் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில் அவர் தம்மை வெறுமையாக்கியதாகக் கூறப்படுவதும் தாழ்மைக்கு ஒரு புதிய மதிப்பைத் தந்தன. கிரேக்க ஞானிகள் இதனைச் சற்குணமாக எண்ணியதில்லை. அரிஸ்டாட்டில் தம் ஒழுக்க நூலில், பெருமைக்கு உரியவனாயிருந்து அதனை உரிமையோடு கோருகின்ற பெருந்தகையாளனையே மேலானவனாகப் போற்றினார்.

எகிப்திய வனவாசிகள்: 4ஆம் நூற்றாண்டில் புனித அந்தோனியாரைப் பின்பற்றி எகிப்தின் பாலைவனங்களுக்குச் சென்ற தவசிகள், உலகத்தை விட்டு வந்த பின்னும் அகந்தை தங்களோடு கூடவே வந்திருப்பதைக் கண்டறிந்தனர். ஸ்கீட்டிஸ் என்னுமிடத்தில் குற்றம் செய்த ஒரு சகோதரனை விசாரிக்கச் சபை கூடியபோது, முன்னாளில் கள்வராயிருந்து பின்பு துறவியான கறுப்பர் மோசே வர மறுத்தார். வற்புறுத்தி ஆள் அனுப்பவே, ஓட்டைக் குடமொன்றில் நீரை நிரப்பிச் சுமந்துகொண்டு வந்தார். எதிர்கொண்டவர்கள் காரணம் வினவியபோது, தம்முடைய பாவங்கள் தமக்குப் பின்னால் ஒழுகிக்கொண்டிருக்க, அவற்றைக் காணாத தாம் பிறனுடைய பாவத்திற்குத் தீர்ப்புச் சொல்ல வந்திருப்பதாகக் கூறினார். அதைக் கேட்ட சபையார் அச்சகோதரனை ஒன்றும் சொல்லாமல் மன்னித்துவிட்டனர்.

அவ்வனவாசிகளின் அனுபவத்தை முதன்முதலில் சாஸ்திரமாக வகுத்தவர் எவாகிரியு (345-399). ஆத்துமாவைத் தாக்கும் எண்ணங்கள் எட்டு என்று கணக்கிட்ட அவர், வீண்புகழையும் அகந்தையையும் கடைசி இரண்டாக வைத்தார். மற்றவை தோற்றோடிய பிறகே இவை தலைதூக்குகின்றன என்பது அவ்வரிசையின் உட்கருத்து. அவருடைய கொள்கையை மேற்றிசைக்குக் கொண்டுவந்து மார்சேய் நகரில் மடங்களை நிறுவிய ஜான் காசியன், வீண்புகழை வெங்காயத்திற்கு ஒப்பிட்ட முதியோரின் வாக்கை எடுத்துரைக்கிறார். ஒரு தோலை உரித்தால் அடியில் மற்றொரு தோல் இருக்கும். பகட்டான ஆடையால் மயக்க முடியாதவனை அழுக்கு ஆடையால் மயக்குவதும், பேச்சினால் கெடுக்க முடியாதவனை மௌனத்தினால் கெடுப்பதும் அதன் இயல்பென்று அவர் எழுதியிருப்பது, நெடுங்காலம் தம்மையே உற்றுநோக்கிய ஒருவரால்தான் எழுதக்கூடியது.

பெலாகியு வாதம்: கிருபையின்றி மனிதன் தன் முயற்சியாலேயே நீதிமானாகக் கூடுமா என்னும் வினா 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெருவாதமாக மூண்டது. ரோமாபுரியில் ஒழுக்கத்திற்குப் பெயர்பெற்றிருந்த பெலாகியு, இயலாததைக் கடவுள் கட்டளையிடமாட்டார் என்று வாதித்தார். ஹிப்போ நகரத்து அத்தியட்சரான அகுஸ்தீனாரோ, நன்மை செய்யும் சித்தமே கிருபையின் ஈவு என்று நிலைநாட்டினார். 418இல் கார்த்தேஜ் சங்கமும் 431இல் எபேசு சங்கமும் பெலாகியு கொள்கையைத் தள்ளியமையால், சுயநீதி ஓர் ஒழுக்கக்குறை என்ற அளவில் நில்லாமல், விசுவாசத்திற்கே விரோதமான பிழை என்பது தெளிவாயிற்று. கிறிஸ்தவ மார்க்கத்தில் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது வழி யாதென்று எத்தனை முறை கேட்டாலும் தாழ்மை என்றே தாம் விடை கூறுவதாக அகுஸ்தீனார் தியோஸ்கோரு என்னும் மாணவருக்கு எழுதினார்.

பன்னிரு படிகள்: தாழ்மையை வகுத்துக் காட்டியவற்றுள் தலைசிறந்தது, 6ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் புனித ஆசீர்வாதப்பர் தம் மடத்தாருக்கு இயற்றிய ஒழுங்கின் 7ஆம் அதிகாரம். காசியன் கூறிய பத்து அடையாளங்களை விரித்து, யாக்கோபு கனவில் கண்ட ஏணியை மாதிரியாகக் கொண்டு, சரீரமும் ஆத்துமாவும் இருபுறச் சட்டங்களாக அமைய, பன்னிரண்டு படிகளை அவர் நாட்டினார். தெய்வபயம் முதற்படி, சுயசித்தத்தை விரும்பாமை, மேலானவருக்குக் கீழ்ப்படிதல், கடினமான கட்டளையிலும் பொறுமை, மனத்தில் எழும் தீய எண்ணங்களை மடாதிபதியிடம் மறையாது வெளியிடுதல் ஆகியவை அடுத்தவை. ஆறாம் படியில் துறவி இழிந்த வேலையிலும் திருப்தி கொள்கிறான். ஏழாம் படியில், நாவினால் சொல்லுவதோடு நில்லாமல், தான் எல்லாரிலும் கடையன் என்று உள்ளத்திலும் நம்புகிறான். பொது ஒழுங்கிற்கு மிஞ்சி ஒன்றும் செய்யாமை எட்டாம் படி. மற்ற நான்கும் நாவையும் நகைப்பையும் பேச்சையும் நடையையும் அடக்குதலைப் பற்றியவை. ஏறி முடித்தவன் பயத்தை நீக்கும் பூரண அன்பை அடைகிறான். இவ்வரிசையில் எட்டாம் படியே அதிகச் சிறப்புடையது. அதிகப்படியான பக்தி தனித்து விளங்கும் ஆசையாகத் திரிந்துவிடும் அபாயத்தை அது முன்னறிந்து தடுக்கிறது.

பாப்பரசர் முதலாம் கிரகோரியார் (590-604) யோபு நூலுக்கு எழுதிய உரையில், அகந்தையை ஏழு தலையான பாவங்களுக்கும் மேற்பட்ட அரசியாக வைத்து, அது நான்கு வகைப்படும் என்றார்: நன்மை தன்னாலேயே உண்டாயிற்று என எண்ணுதல்; கடவுள் தந்தார் என்று ஒப்புக்கொண்டும் தன் தகுதிக்காகவே தந்தார் எனக் கருதுதல்; தன்னிடம் இல்லாததை உள்ளதாகப் பாராட்டுதல்; பிறரை இகழ்ந்து தான் மட்டுமே சிறப்புடையவனாகக் காணப்பட விரும்புதல். இவற்றுள் இரண்டாவது, நன்றியறிதலின் உருவத்தில் வருவதால் பிடிபடுவது அரிது. உவமையிலுள்ள பரிசேயனும் நன்றி கூறியே ஜெபித்தான். கான்ஸ்டாண்டிநோபிள் சபைத் தலைவர் தரித்துக்கொண்ட 'உலகளாவிய தலைவர்' என்னும் பட்டப்பெயரை எதிர்த்து, கிரகோரியார் தம்மைத் தேவ ஊழியரின் ஊழியர் என அழைத்துக்கொண்டார். தமிழ் நாட்டுக் கத்தோலிக்கச் சிறுவர் ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்யும் ஏழு தலையான பாவங்களின் பட்டியலும், அவற்றிற்கு எதிரான புண்ணியங்களில் தாழ்ச்சி முன்நிற்பதும் இவருடைய மரபில் வந்தவையே.

கிளேர்வோ மடத்துப் புனித பெர்நார்து (1090-1153), ஆசீர்வாதப்பரின் ஏணியைத் தலைகீழாக்கி, அகந்தையின் பன்னிரண்டு இறங்குபடிகளை எழுதினார். பிறர் காரியங்களில் நாட்டமிடும் கண்ணிலிருந்து தொடங்கி, பாவம் பழக்கமாகிவிடும் அடிமட்டம் வரை செல்லும் அவ்விறக்கத்தில், ஐந்தாம் படியான தனித்தன்மையைப் பற்றி அவர் தீட்டிய சித்திரத்திற்கு இணையானது வேறெங்கும் காண்பதரிது. போஜன சாலையில் அமர்ந்த துறவி, மேசைகள்தோறும் கண்ணோட்டி, தன்னிலும் குறைவாக உண்பவன் எவனேனும் உளனோ எனத் தேடுகிறான். ஒருவனைக் கண்டுவிட்டால், தோற்றுவிட்டோமே என்ற வருத்தத்தால் சரீரத்திற்கு அவசியமான உணவையும் ஒதுக்கிவிடுகிறான். தன் முகத்தைப் பார்க்கக் கண்ணாடியில்லாமையால், கைகளும் தோள்களும் மெலிந்திருக்கின்றனவா என்று தடவிப் பார்த்துக்கொள்கிறான். மற்றவர் வெளியே அமர்ந்திருக்கும்போது ஆலயத்தின் மூலையில் தனியே ஜெபித்து, அவர்கள் காதில் விழும்படி இருமியும் பெருமூச்செறிந்தும் தன்னை அறிவிக்கிறான். படுக்கையில் விழித்திருந்து, எல்லாரும் சேர்ந்து ஜெபிக்கும் வேளையில் உறங்குகிறான். ஏறக்குறைய ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின்னும் இவனை அடையாளம் கண்டுகொள்ளாத சபை உண்டோ? தம்மிடம் தாழ்மையின் படிகளைப் பற்றிக் கேட்டிருக்க, அகந்தையின் படிகளை எழுதியதற்குச் சமாதானமாக, கற்றதையே கற்பிக்க முடியும் என்றும், ஏறியதைவிட இறங்கியதையே தாம் நன்கு அறிந்திருப்பதாகவும் பெர்நார்து நூலின் முடிவில் கூறுகிறார்.

பிற்கால வளர்ச்சி: தோமா அக்குவினாசு (1225-1274) தாழ்மையை இச்சையடக்கத்தின் பகுதியாக வைத்து, விசுவாசம் முதலிய தெய்வீகப் புண்ணியங்களுக்குப் பின்னான இடத்தையே அதற்கு அளித்தார். அசிசி நகர்ப் பிரான்சிஸ் தாம் தோற்றுவித்த சிறிய சகோதரர் சபையின் தலைமையை 1220இல் துறந்தார். மார்ட்டின் லூத்தர், தாழ்மையையும் ஒரு கிரியையாக்கி அதன்மேல் நம்பிக்கை வைக்கும் நுண்ணிய சுயநீதியைக் கண்டித்து, உண்மையான தாழ்மை தன்னைத் தாழ்மையென்று அறியாது என 1521இல் மரியாளின் பாட்டுக்கு எழுதிய உரையில் விளக்கினார். விசுவாசத்தினால் மட்டுமே நீதிமானாக்கப்படுதல் என்னும் அவருடைய உபதேசம் இந்நோயின் வேரையே அறுக்க முனைந்தது. கத்தோலிக்கரின் திரிதெந்து சங்கம் 1547இல் இதற்கு மாறாகத் தீர்மானித்து, கிருபையோடு மனிதனின் ஒத்துழைப்பையும் வலியுறுத்தியது. அமெரிக்காவில் ஜோனதன் எட்வர்ட்ஸ், 1740ஐ ஒட்டி எழுந்த எழுப்புதலில் புகுந்த தவறுகளுக்கு ஆவிக்குரிய பெருமையே பிரதான காரணம் என எழுதினார்.

தென்னிந்தியச் சபைகளில் சுயநீதி சாதிப்பெருமையாகவும் தோன்றியது. 1833இல் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் சபைக்குள் சாதிவேற்றுமை ஒழிய வேண்டுமென்று சுற்றறிக்கை விடுத்தபோது, தஞ்சாவூர், வேப்பேரி முதலிய இடங்களில் கிறிஸ்தவர்கள் பலர் இணங்கவில்லை.

இக்காலம்: இறையியலாளர் ரைன்ஹோல்ட் நீபூர் 1941-43இல் வெளியிட்ட நூலில் அதிகாரம், அறிவு, ஒழுக்கம் ஆகியவற்றைப் பற்றிய அகந்தைகளைப் பிரித்துக் காட்டினார். அகந்தையே தலையான பாவம் என்பது ஆண்களின் அனுபவத்திலிருந்து எழுந்த முடிவு என்று 1960இல் வேலரி செய்விங் ஆட்சேபித்தார். 1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்க சபையும், லூத்தரும் திரிதெந்து சங்கமும் மாறுபட்டு நின்ற நீதிமானாக்கப்படுதலைப் பற்றிய கூட்டுப் பிரகடனத்தில் கையொப்பமிட்டன. மெதடிஸ்தர் 2006இல் அதனை ஏற்றனர்.