வளரி போன வழி

விளாத்திகுளத்துக் கரிசலில் நின்றால் கண்ணுக்கு மறைப்பே கிடையாது. அங்கொன்றும் இங்கொன்றுமாக உடைமரம்; மற்றபடி வெட்டவெளி. வளரிக்குத் தோதான பூமி இதுதான். அடர்ந்த காட்டில் அது எடுபடாது, சுழன்று போக இடம் வேண்டும்.

பிறைபோல வளைந்த தடி அது. ஒரு முனை பருத்திருக்கும், மறுமுனை மெலிந்து கைக்குள் அடங்கும். மெலிந்த முனையைப் பிடித்து, தோளுக்கு மேலே சுழற்றி விட்டால், கனத்த முனை முன்னிழுக்கச் சுற்றிக்கொண்டே போய் அடிக்கும். ஓடுகிற மானை விழத்தட்ட அது போதும். எறிந்தவர் கைக்கே திரும்பி வரும் என்று பலர் சொல்கிறார்கள். கனத்த போர் வளரி அப்படித் திரும்பாது. குறி தவறாத கைக்கு இந்தக் கதையெல்லாம் தேவையும் இல்லை.

1795-ல் மதுரையில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷுக்கு வளரி எறியச் சொல்லிக்கொடுத்தவர் சிவகங்கையின் சின்ன மருது. தேர்ந்த கை நூறு கஜத்துக்குள் எதையும் தப்பாமல் அடிக்கும் என்று வெல்ஷ் 1830-ல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். கற்றுக்கொண்ட ஆறே வருஷத்தில் அதே வெல்ஷ், கம்பெனியின் கர்னல் அக்னியூவின் படையோடு பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்தார். 1801 மே 24-ல் கோட்டை விழுந்தது. தரைமட்டமாக்கி உழுதார்கள். தப்பிய கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரைக்குச் சின்ன மருது இடம் கொடுத்ததால் சண்டை சிவகங்கைக்கு நகர்ந்தது. தொடை முறிந்து பிடிபட்ட சின்ன மருதுவை அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். கற்றுக்கொடுத்தவரின் முடிவை, கற்றுக்கொண்டவரே வருத்தத்தோடு எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பக்கங்களைத் தாண்டிப்போக எனக்கு எப்போதும் நேரமாகும்.

டிசம்பர் 1-ல் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவின் பிரகடனம் வந்தது. பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதே குற்றமானது. அதன் பிறகு வளரி சேகரிப்பாளர் கைக்குப் போயிற்று. பிட் ரிவர்ஸ் போன்றவர்கள் அதை ஆஸ்திரேலிய பூமராங்கோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து சென்னை அருங்காட்சியகத்துக்கு மூன்று வந்து சேர்ந்தன. இரண்டு தந்தத்தில் செய்தவை, ஒன்று மரம். யானைத் தந்தத்தை யாரும் முள்ளுக்காட்டில் வீசியிருக்க மாட்டார்கள், அவை அரண்மனை அழகுக்குச் செய்தவையாகவே இருக்கும்.

புதுக்கோட்டை மன்னரின் ஆயுதசாலையில் மர வளரிகள் எப்போதும் இருப்பில் இருப்பதாக 1909-ல் மானுடவியலாளர் எட்கர் தர்ஸ்டன் எழுதினார். ஏன் அங்கே? பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது அந்தச் சமஸ்தானம்தான். கம்பெனியின் நண்பர் வீட்டை யாரும் சோதனை போட்டிருக்க மாட்டார்கள். எதிர்த்து நின்ற எங்கள் பக்கத்துப் பாளையங்களில் ஈட்டி, வாள், வளரி எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள். பழைய கோட்டையும் இல்லை; இன்று பாஞ்சாலங்குறிச்சியில் நிற்பது 1974-ல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை.